கடல் கொந்தளிப்பாக இருக்கும்

மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஹாஜரா பீவி திரும்புவதற்குள் காற்று அதை மறுபடி திறந்துவிட்டது. கொண்டி தேய்ந்துபோன ஜன்னல். ஒரு பழந்துணியை மடித்துச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே செருகினாள்.

"தெறந்து வையிட்டி" என்றார் கட்டிலில் கிடந்த பீர் மைதீன். "காத்து வருதுல்லா."

"நெஞ்சுக்கு ஆவாது வாப்பா. டாக்டர் சொல்லியிருக்காவ."

"அவரு மெட்ராஸ்காரரு. இந்தக் காத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஹாஜரா துணியை உருவி எடுத்தாள். ஜன்னல் சுவரில் அடித்துக்கொண்டு திறந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, பாயசம் குடிக்கிறவர் மாதிரி அந்தக் காற்றை வாங்கிக்கொண்டார்.

வைகாசி கடைசி. ஊர் முழுக்க அந்தக் காற்றுக்காகத்தான் காத்துக்கிடந்தது. செங்கோட்டைப் பக்கம் மலை இடுக்கு வழியாக அது இறங்கிவிட்டால் பின்னாலேயே சாரல் வரும், சாரல் வந்தால் குற்றாலத்தில் தண்ணீர் விழும், தண்ணீர் விழுந்தால் ஊருக்கு ஊர் ஆள் வரும். ஹாஜரா மட்டும் அந்தக் காற்றுக்குப் பயந்தாள். அது தென்காசியோடு நின்றுவிடுகிற காற்று இல்லை. கிழக்கே ஓடிப்போய் மன்னார்க் கடலில் இறங்கும். அந்தக் கடலைத் தாண்டித்தான் அவள் தம்பி ஒலி முகம்மது கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"ஒலி எப்பட்டி வாரான்?"

"இன்னும் ரெண்டே நாள்ல வாப்பா."

கிழவரின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிக்கிறார் என்று ஹாஜராவுக்குத் தெரிந்தது. அது அவருடைய வசனம். பேரருவிக்குப் போகிற பாதையில் சோப்பும் சீயக்காயும் துண்டும் விற்கிற சீசன் கடை அவருக்கு. சித்திரை முடிந்ததிலிருந்தே ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், தண்ணி எப்ப பாய் விழும் என்று. வானத்தைக்கூடப் பார்க்காமல் "இன்னும் ரெண்டே நாள்ல" என்பார். தினமும் அதையே சொன்னால் என்றைக்காவது பலிக்காமலா போகும்? ஊரில் அவருக்கு ரெண்டு நாள் சாயபு என்றே பெயர். ஒரு வருஷம் அவர் பேச்சை நம்பிக் கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டமே வந்து, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு, அவரிடம் நாலு துண்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது.

நிஜமாகவே தண்ணீர் விழுந்த அன்றைக்குக் கொழும்புக்கு ஒரு கார்டு போடுவார். 'சீசன் ஆரம்பம். வா' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. ஒலி முகம்மதுவும் அங்கே கடையில் வேலையை முடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து நிதானமாக வந்து சேர்வான். அப்பனும் மகனும் அருவியில் போய் நிற்பார்கள். வருஷம் தவறியதில்லை.

இந்த வருஷம் போனது கார்டு இல்லை. தந்தி. அதுதான் ஹாஜராவை அரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கையை விரித்த அன்று அவள் புருஷன் துல்கர்னைன், "மாமாவுக்கு சீரியஸ்னு தந்தி குடுத்துருதேன்" என்று செருப்பை மாட்டினான். ஹாஜரா வாசலில் போய் மறித்துக்கொண்டாள். உம்மா மவுத்தானபோது போன தந்தியைப் பிரித்த இடத்திலேயே ஒலி முகம்மது மயங்கி விழுந்து, கடைக் கண்ணாடிப் பெட்டியில் மோதி, மண்டையில் தையல் போட்டிருந்தது. இனிமேல் எனக்கு அந்த மாதிரித் தந்தி அடிக்காதீங்க என்று வந்து அழுதிருக்கிறான். அதனால் அவளே யோசித்து ஒரு வாசகம் சொன்னாள். சீசன் ஆரம்பம். உடனே வா.

"இத எவன்ட்டி தந்தியில அனுப்புவான்?" என்றான் துல்கர்னைன்.

"அதாங்க. எவனும் அனுப்ப மாட்டாம்லா. தந்தியில வந்தா ஏதோ விசயம்னு அவனுக்குப் புரிஞ்சிரும். பயந்தும் விழ மாட்டான்."

அன்றைக்கு அது நல்ல யோசனையாக இருந்தது. தந்தி போன பிறகு ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. புரிந்திருக்குமா? புரிந்து கிளம்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டாமா? பதில் தந்தியும் இல்லை. பதில் வராதது கிளம்பிவிட்டதனால்தான் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அப்படித் தோன்றாது.

பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாக்கூப்பின் டீக்கடை. ரேடியோ அங்கேதான் இருந்தது. காலைச் செய்தி முடிகிற நேரம் பார்த்து ஹாஜரா துவைக்கிற கல்லில் ஏறி நின்றாள்.

"யாக்கூப்பண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்க."

யாக்கூப் திருகினான். இடத்துக்கு இடம் வானிலை சொல்லிக்கொண்டே வந்த குரல் கடைசியில் அவளுடைய இடத்துக்கு வந்தது. மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசக்கூடும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். அடுத்த சில தினங்களுக்கு இதே நிலை நீடிக்கும்.

"அப்ப இங்கன சாரல் தூள் கெளப்பும்" என்றது டீக்கடையில் ஒரு குரல்.

"இந்த வருசம் ஆவணி வரைக்கும் தண்ணி நிக்கும் பாரு" என்றது இன்னொன்று. யாரோ சீட்டியடித்தார்கள். ஹாஜரா கல்லிலிருந்து இறங்கி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் கையில் தூக்குவாளியுடன் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி ஹாஜரா, தண்ணி விழுதுட்டி! எங்க வீட்ல விடியக்காலமே சைக்கிள்ல போயி முங்கிட்டு, அண்ணாச்சிக்குன்னு அருவித் தண்ணி புடிச்சாந்திருக்காவ. எங்க அண்ணாச்சி?"

கேட்டுக்கொண்டே உள்ளே போனவள் கட்டிலருகே போனதும் நின்றுவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. ஹாஜராவைத் திரும்பிப் பார்த்தாள். சற்று முன்பு வரை வேகமாக வாங்கிக்கொண்டிருந்த மூச்சு இப்போது வந்து, நின்று, யோசித்து வந்தது.

துல்கர்னைன் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓத ஆரம்பித்தான். ஹாஜரா தூக்குவாளித் தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து வாப்பாவின் உதட்டில் விட்டாள். குளிர்ந்த தண்ணீர். கிழவர் கண்ணைத் திறந்தார்.

"விழுதா?"

"விழுது வாப்பா."

"நான் சொன்னேம்லா" என்றார்.

இரண்டாவது கரண்டி கடைவாய் வழியாக வெளியே வந்து தலையணையை நனைத்தது. அதைத் துடைக்கத் துணி தேடித் திரும்பியவளின் தோளை ஆவுடையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்தது. துல்கர்னைன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். கபன் துணி வந்தது, பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டி வந்தது, மையவாடியில் குழி வெட்டவும் ஆள் போயிற்று. ஜமாஅத் பெரியவர் வாசலில் நின்று, நாலு மணிக்கு அஸர் தொழுததும் எடுத்துவிடலாம் என்றார். ஹாஜரா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அந்த மனிதரிடம் அவள் அதுவரை பேசியதே இல்லை.

"எந்தம்பி வந்துருவான். சாயங்கால வண்டியில வந்துருவான்."

"மையித்த வச்சிக்கிட்டு இருக்கக் கூடாதும்மா. வாப்பாவுக்கு அது நல்லதில்ல."

"ஒத்த வண்டி. அந்த ஒத்த வண்டி மட்டும் பாத்துக்கிடுதேன்."

"வாரேன்னு தாக்கல் உண்டா?"

துல்கர்னைன்தான் குறுக்கே வந்து, "தந்தி குடுத்திருக்கு மாமா. வண்டி வரவும் எடுத்துருவோம்" என்றான். அந்தத் தந்தியில் என்ன இருந்தது என்று அவன் சொல்லவில்லை. அவனை அவள் அவ்வளவு பிரியமாக என்றைக்கும் நினைத்ததில்லை.

குளிப்பாட்டிக் கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பெண்கள் உள்ளே திக்ர் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் மட்டும் வாய்விட்டு அழுதாள். சத்தம் போட்டு அழக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஹாஜராவுக்கு அழுகை வரவில்லை. காது முழுக்க ரயிலடியில் இருந்தது. மதுரையிலிருந்து வருகிற வண்டி ஊதியது. நின்றது. மறுபடி ஊதிக் கிளம்பியது. இப்போது இறங்கியிருப்பான். இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பான். இப்போது தெரு முக்கு.

துல்கர்னைன் தனியாக வந்தான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

சந்தூக்கைத் தூக்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. வலுத்துப் பெய்கிற மழை இல்லை. மாவு சலிக்கிற மாதிரி. யாரும் ஒதுங்கவில்லை. மூடிப் போர்த்திய பச்சைத் துணி தெரு முக்கு திரும்புவதற்குள் நனைந்து கறுத்துவிட்டது. அதற்கு மேல் பெண்கள் போக வழியில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஹாஜரா நின்றாள்.

அன்றைக்கு வந்தவர்களும் மறுநாள் வந்தவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கடல் சரியில்லை, பாவம், அவன் என்ன செய்வான்? துல்கர்னைனும் அதையே சொன்னான். கப்பல் விட்டிருக்க மாட்டான் ஹாஜரா. மன்னார்லயே அந்தப் புள்ள துடிச்சிக்கிட்டுக் கெடக்கும். கேட்கக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கடல்தான் என்று அவளும் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கடலைத் திட்டித் தீர்த்தாள். கடலைத் திட்டுகிற வரைக்கும் தந்தியை நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாச் சோற்றுக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. அன்று காலையிலும் அவள் துவைக்கிற கல்லில் ஏறி நின்றாள். அவள் பயந்த காற்றையே இப்போது வேண்டி நின்றாள். கொந்தளிப்பு நீடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். காற்றின் வேகம் படிப்படியாகக் குறையும் என்றது ரேடியோ. அவள் கல்லிலிருந்து இறங்கினாள். கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த வாப்பாவின் கட்டில் சாரலில் மறுபடி நனைந்துகொண்டிருந்தது.

"யக்கா!"

வாசலில் ஒலி முகம்மது நின்றான். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் காகிதம் பிரிக்காத புதுக் குடை. தோளில் ஈரத் துண்டு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக் கழுத்தை நனைத்தது. வாய் கொள்ளாமல் சிரித்தான்.

"தண்ணி என்னமா விழுதுக்கா! மதுரையிலேருந்து சீசன் பஸ்ஸு, நேரா குத்தாலத்துலயே கொண்டாந்து விட்டுட்டான். வாப்பா கடையில இருப்பாவன்னு பாத்தா பூட்டிக் கெடக்கு. பக்கத்துக் கடையில கேட்டா ஒரு பய முகங்குடுத்துப் பேசல. வீட்டுக்குப் போப்பாங்கான். சீசன் வந்தா அவனுவளுக்குத் தலகால் புரியாது. சரின்னு ஒரு முழுக்கு போட்டுட்டு வாரேன்."

உள்ளேயிருந்து எழுந்து வந்த துல்கர்னைன் நடையிலேயே நின்றுவிட்டான். ஹாஜராவின் வாயிலிருந்து வந்தது அவளே நினைக்காத கேள்வி.

"கடலு எப்படிலே இருந்துச்சு?"

"கடலா? கொளம் மாதிரில்லா கெடந்துச்சு."

"முந்தின நாளு? அதுக்கு முந்தி?"

"கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சாம். ஆனா கப்பலு ஒருநாளும் நிக்கலியே. ஏன் கேக்க?" பெட்டியைக் கீழே வைத்தான். "பிந்தினது நாந்தான். தந்தியப் படிச்சதும் கடையே சிரிச்சிட்டு போ. கார்டுல எழுதுத சீசன யாராவது தந்தியில அடிப்பாவளா? வாப்பாவுக்கு இந்த வருசம் அம்புட்டு குசி, ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். வந்த சரக்க எறக்கி வச்சிட்டு, அவியளுக்கு இந்தக் கொடைய வாங்கிக்கிட்டு மெதுவாத்தான் பொறப்பட்டேன்."

குடையின் காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தான். வாசலில் ஆவுடையம்மாள் வந்து நின்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

ஹாஜரா அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள்.

"தலையத் தொவட்டாம வந்து நிக்கியே, சளி புடிக்காதா? குனி."

"என்னக்கா, சின்னப் புள்ளயா நானு?" என்றான். ஆனாலும் சிரித்துக்கொண்டே குனிந்தான். துண்டு அவன் தலையையும் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டது. அவள் துவட்டினாள். உச்சியை, காதோரத்தை, பிடரியை, பழைய தையல் தழும்பு இருந்த இடத்தை.

"வாப்பா எங்கக்கா? பள்ளிக்கா போயிருக்காவ?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

அவள் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, காஞ்சிட்டு. போதும்."

தலை காய்ந்துதான் போயிருந்தது. ஹாஜரா துண்டை எடுக்கவில்லை.