மூன்றாவது வளைவின் கூச்சல்

எழுதிப் பழகாத கை இது. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

புகழ்பெற்ற ரோலர் கோஸ்டர் ஒன்றைத் தம்பி கணினியில் அச்சு அசலாகக் கட்டிக்கொண்டிருந்தான். நிஜ ரோலர் கோஸ்டரில் இருபது ஆண்டுகள் பிரேக் இயக்கும் வேலை பார்த்த அக்கா பார்க்க வருகிறாள் என்றதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது வளைவில் வேகம் மிகுதி என்று மென்பொருள் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. பயந்துபோய் வளைவின் உயரத்தைத் தினமும் சற்றுத் தணித்து, பழைய கோப்பின் மீதே சேமித்தான்.

அக்கா வந்தாள். ஓடவிட்டதும் பொம்மைப் பயணிகள் கூச்சலிட்டனர். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஏன்டா, மூணாவது வளைவுல ஒருத்தரும் கத்தலையே? இது ரோலர் கோஸ்டரா, தொட்டிலா?"

"சிவப்பு காட்டுச்சுக்கா..."

"அந்தச் சிவப்புக்குத்தான்டா அவ்வளவு பேரு வரிசையில நின்னாங்க! பழசை எடு."

பழையது இல்லை.

போனவை: பதினேழு நாள் உழைப்பு, ஆறடி உயரம், ஒரு வளைவு, அக்காவின் பாராட்டு.