மூன்று நாள் எடை

நோட்டைச் சேரனின் கையில் பார்த்ததும், பாய்ந்து பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் அன்புச்செல்விக்கு முதலில் தோன்றியது. தம்பி தேடப் போனது அப்பாவின் ஆதார் அட்டையை. மாத்திரை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தது இதை.

"பாருங்கத்தை," என்று, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வராணி அத்தையிடம் விரித்துக் காட்டினான். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஷூவைக் கழற்றியவன் சாக்ஸைக் கழற்ற மறந்திருந்தான். "ஒரு நாள் விடாம எழுதியிருக்கு அக்கா. தேதி, எடை எல்லாம் கட்டம் போட்டு. ஆஸ்பத்திரியிலகூட இப்புடி வச்சிருக்க மாட்டாங்க."

"வாத்தியாரம்மால்ல," என்றார் அத்தை, மூக்கைச் சிந்தியபடி. "கடைசி காலத்துல எங்கண்ணனையும் பரிச்சை எழுத வச்சுட்டா."

அன்புச்செல்வி சுவரோரமாகவே நின்றாள்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. உடம்பில் நீர் சேர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான் என்று அரிமளத்து டாக்டர் பிரகதீஸ்வரி சொல்லியிருந்தார். தினமும் காலையில், காப்பி குடிப்பதற்கு முன், எடை மெஷினில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் யோசிக்காமல் கூட்டி வந்துவிட வேண்டும். கல்லூரியில் மீந்து கிடந்த ஒரு நோட்டைக் கொண்டுவந்து அன்றைக்கே கட்டம் போட்டாள் அன்புச்செல்வி. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்து நின்றவளிடம் ஒரு கேள்வி கேட்காமல், "சாப்டியாத்தா?" என்று மட்டும் கேட்ட மனிதர். அவருக்காக தினம் ஓர் எண் எழுதுவது பெரிய காரியமா?

இந்த வாரம் அது பெரிய காரியமாகிவிட்டது. கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இயற்பியல் எடுத்து வருகிறவர்களுக்கு முதல் பத்து நாள் புத்தகம் கிடையாது. பிரிட்ஜ் கோர்ஸ் என்று பெயர். நாற்பத்திரண்டு பேர், முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள், பள்ளிக்கூடத்து ஆய்வகத்தைப் பூட்டிய கதவாக மட்டுமே பார்த்தவர்கள். அவர்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவளுடைய வேலை. வெர்னியர் அளவுகோலை எப்படிப் பிடிப்பது, கண்ணை எந்த நேருக்கு வைப்பது, ஓர் இரும்பு உருளையை மூன்று தடவை அளந்து மூன்றையும் எழுதுவது. பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒரே ஒரு கோடு. அடித்தது என்ன என்று தெரிய வேண்டும். கண்ணால் பார்க்காத எண் நோட்டில் ஏறக் கூடாது. விசை, வேகமெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதற்காக ஏழேகாலுக்கெல்லாம் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, மூச்சிரைப்பு அடங்கக் காத்திருந்து, மெஷினில் ஏற்றி, தோளைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்று எண்ணைப் பார்க்க இருபது நிமிடமாவது ஆகும். திங்கட்கிழமை அவர் கண்மூடிக் கிடந்தார். எழுப்ப மனமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு 58.4 என்று எழுதினாள். செவ்வாய் 58.6. புதன் 58.5.

காலியாக விட்டிருக்கலாம். கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அதைவிட, எழுதிய விதம்தான் இப்போது அவளை அறுத்தது. ஏமாற்றுகிற பிள்ளைகள் மூன்று தடவையும் ஒரே எண்ணை எழுதி மாட்டிக்கொள்வார்கள். நிஜ அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். பதினோரு வருடமாகப் பிடித்துப் பிடித்துப் பழகியவளுக்கு, பிடிபடாமல் எழுதத் தெரிந்திருந்தது. அவசரத்திலும் அந்தப் புள்ளி இரண்டைக் கூட்டவும் புள்ளி ஒன்றைக் குறைக்கவும் கைக்கு நேரம் இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அதை எழுதிவிட்டுப் போனவள்தான், வகுப்பில் காவ்யா என்ற பெண்ணின் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். "மூணு தடவையும் ஒரே நம்பர். ஒனக்கு மட்டும் உருளை சொன்ன பேச்சு கேக்குதோ?" வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வியாழக்கிழமை விடியலில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாசலில் கல்லூரி வேன் வந்து நின்றது. பிள்ளைகள் ஒரே மாலையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாலையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பந்தல் காலோரம் ஒதுங்கினார்கள். காவ்யா மட்டும் கிட்டே வந்து குசுகுசுத்தாள்.

"மேம், நாங்க கெளம்பலாமா, இல்ல எடுக்குற வரைக்கும் இருக்கணுமா? திங்கக்கிழம நோட்டுல சைன் வாங்கணுமே, நீங்க வராட்டி..."

"ஏய், வாய மூடுடி," என்று பின்னாலிருந்து ஒருத்தி அவள் துப்பட்டாவை இழுத்தாள்.

சேரன் நோட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. "ரெண்டு கிலோ கூடுனாத்தான ஆபத்துன்னுச்சு அந்த டாக்டரம்மா? கடைசி மூணு நாளாக் கால் கிலோகூடக் கூடல. அப்ப என்னத்தப் பாத்து வைத்தியம் பண்ணுச்சு? அடக்கம் முடியட்டும்த்தை, இந்த நோட்டோட போயி நிக்கிறேன்."

அதற்கு அவசியமில்லாமல் போனது. டாக்டரே வந்தார். செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்து கும்பிட்டு நிமிர்ந்தவரின் முன்னால் சேரன் நோட்டை நீட்டினான்.

"நான் மகன். இதப் பாருங்க டாக்டர்."

டாக்டர் வயதில் சின்னவர். நின்றபடியே பக்கத்தைப் படித்தார். "புதன்கிழம சாயங்காலம் நாந்தான் போன் போட்டேன். இந்த எடையத்தான் சொன்னாங்க. கால் வீக்கமும் இல்லைன்னாங்க. சரி, அதே மாத்திரையக் குடுங்கன்னுட்டேன்." புதன்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார். "நேர்ல வந்து பாத்திருக்கணும். தப்பு என்மேலதாங்க."

"தப்புன்னுட்டா ஆச்சா? எங்கப்பாவ எந்திரிச்சு வரச் சொல்லுங்க பாப்போம்!"

பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். அந்தப் போன் வந்தபோது அன்புச்செல்வி பேருந்தில் இருந்தாள். மடியில் பிள்ளைகளின் நோட்டுகள். கையில் சிவப்புப் பேனா. வீக்கம் இல்லை என்பதையும் பார்க்காமல்தான் சொன்னாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்பிக்கு வெறுக்க ஓர் ஆள் கிடைத்துவிடும். நாளடைவில் அவளும் அந்த ஆளையே வெறுக்கப் பழகிக்கொள்ளலாம்.

"சேரா, கத்தாத," என்றாள். "அந்த மூணு நாளும் நான் எடை போடல."

"என்னக்கா?"

"மெஷின்ல நிறுத்தவே இல்லடா. நானா எழுதுனது. காலப் பாக்காமத்தான் டாக்டர்ட்டயும் சொன்னேன்."

அத்தையின் கை மூக்கருகிலேயே நின்றுவிட்டது. பந்தல் காலோரத்தில் காவ்யா சட்டென்று தலையைக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் காவ்யாவைப் பார்த்தார்கள்.

"எடை போட்டிருந்தாலும்..." என்று டாக்டர் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். கூடியிருந்ததா இல்லையா என்பதை இனி எந்த மெஷினிலும் பார்க்க முடியாது.

"வேலைக்குப் போற பிள்ள, ஒத்த ஆளா என்னதான் செய்யும்..." அத்தை இழுத்தார். டாக்டர் நோட்டை மூடி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சத்தமில்லாமல் வேனில் ஏறினார்கள்.

சேரன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து, கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"அந்த மூணு நாளும் அப்பா எப்புடிக்கா இருந்தாரு?"

பதில் உடனே நாக்கில் வந்து நின்றது. நல்லாத்தான் இருந்தாரு, ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நம்பக்கூடிய பதில். இரண்டு வருடமாக ஊருக்கு வராதவன், அதை வைத்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி தூங்குவான். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலடா," என்றாள். "நான் பாக்கல."

சேரன் பெட்டியின் கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்தான். பிறகு எழுந்து கால்மாட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் விட்டுப்போன இடத்தில் அன்புச்செல்வி உட்கார்ந்தாள். துடைத்த கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் கன்னத்து நரைமுடி வரை தெரிந்தது. ஓரங்களிலிருந்து மெல்ல மறுபடியும் ஈரம் படரத் தொடங்கியது. அது முழுக்கப் படர்ந்து மூடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.