நாற்பது மடங்கு நடுக்கம்

அவன் செல்போன் மெக்கானிக். கடுகைவிடச் சின்னப் பாகங்களை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, ஊசிமுனை இடுக்கியால் தூக்கி ஒட்டுகிறவன். இருபத்தாறு வயதில் அவனுக்கென்று இருந்த சொத்து இரண்டு கைகள்தான். அந்தச் சொத்துக்கு வில்லங்கம் வந்துவிட்டது என்று மூன்று வாரமாக அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

முதலில் இடது கைச் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரலும் அதற்குத் துணையாகப் போனது. ஊரார் போன்களுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன், தன் போனிடம் போய்த் தன் உயிர் நிற்குமா என்று கேட்டான். நிற்பது கஷ்டம் என்று அது ஏழு பக்கத்துக்குச் சொன்னது. மறுநாள் கண்ணிமை துடித்தது. அதற்கு மறுநாள் பஸ்ஸில் இரண்டு கைகளிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, இடுக்கியின் முனை புயலில் மாட்டிய கொடிக்கம்பம் மாதிரி ஆடியது.

அன்றிலிருந்து அவன் போனுக்குள் இருக்கும் போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தான். பார்க்கப் பார்க்க ஆட்டம் கூடியது. கடைசியில் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினான்: ‘கை நடுக்கம் காரணமாக இனி நுண்ணிய வேலைகள் செய்ய இயலாத நிலையில் உள்ளேன். என்னை விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் கடைக்குப் போய் வந்தான். கொடுக்கத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் சட்டை துவைக்கப் போனது. அக்காவின் கையில் சிக்காமல் எந்தப் பையும் தண்ணீருக்குள் போனதில்லை.

“டேய், இது என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா பணிவன்புடன்?”

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எட்டு வருடமாகக் கண்டவர்கள் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, பயம் வந்தால் வலது கால் தன்னால் தரையை அழுத்தும், அங்கே பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த நாளே நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

டாக்டர் அம்மாள் அவசரமே தெரியாதவர். அவன் தன் போனில் எடுத்து வைத்திருந்த பதினான்கு வீடியோக்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினான்.

“எங்க எடுத்தீங்க இதெல்லாம்?”

“எங்க கடை மைக்ராஸ்கோப்ல, டாக்டர். நாப்பது மடங்கு.”

டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவனை நடக்கவிட்டார், ஒரு குதிகால் மறு கால் விரலைத் தொட நேர்கோட்டில். கண்ணை மூடி நிற்கவிட்டார். மூக்கைத் தொடச் சொன்னார், பேனாவைக் கண்ணால் பின்தொடரச் சொன்னார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், முட்டியில் சுத்தியலால் தட்டினார். பிடித்த பொருள் நழுவுகிறதா, பேச்சு குழறியதா, எதுவும் இரண்டாகத் தெரிந்ததா, மயங்கி விழுந்தது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

“எங்க அப்பாவும் இப்படித்தான் டாக்டர், ரெண்டு தும்மல் போட்டா உயில் எழுத உக்காந்துடுவாரு,” என்றாள் அக்கா.

“அக்கா, நீ சும்மா இரு.”

“இப்ப வேகவேகமா மூச்சு விடுங்க. நான் சொல்றப்ப நிறுத்தலாம்,” என்றார் டாக்டர்.

அரை நிமிடத்தில் எறும்புகள் வந்துவிட்டன. இரண்டு கை, உதடு, பழைய வழித்தடம். “இதேதான் டாக்டர். பஸ்ல வந்தது இதேதான்.”

“பயத்துல மூச்சு வேகமாப் போனா இப்படி வரும். பொய்யில்ல, நிஜமாவே வரும். ஆனா நரம்பு நோய் இல்ல.” பிறகு அவனுடைய இடது முழங்கையின் உள்பக்கத்தைத் தட்டினார். சுண்டுவிரல்வரை ஷாக் அடித்தது. “வேலை செய்யறப்ப கைய எப்படி வெப்பீங்க?”

அவன் காட்டினான். மேஜையின் இரும்பு விளிம்பில் முழங்கையை ஊன்றி, பத்து மணி நேரம்.

“அங்க ஒரு நரம்பு தோலுக்கு அடியிலயே ஓடுது. அதைத்தான் நசுக்கிட்டு இருக்கீங்க.”

“அப்ப அந்த நடுக்கம்?”

“ஒரு போர்டு கெட்டுப்போச்சுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?”

“மீட்டர் வெச்சு அளப்பேன். அப்புறம் அதே மாடல்ல நல்ல போர்டு ஒண்ண எடுத்து, அதையும் அளந்து…”

அவன் நிறுத்திவிட்டான். ‘நல்லதை அளக்காமல் கெட்டதைக் குறை சொல்லாதே’ என்று கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. புதிதாக வருகிறவர்களை அவனே அதன் முன்னால் நிறுத்தி இரண்டு முறை வாசிக்கவைப்பான்.

“வேற யார் கையையாவது நாப்பது மடங்குல பாத்தீங்களா?”

“இல்ல டாக்டர்.” அவன் குரல் சின்னதாகிவிட்டது.

“எல்லார் கையும் கொஞ்சம் ஆடும். தூக்கமில்லாம, பயத்தோட, பத்து டீ குடிச்சா இன்னும் ஆடும். இமை துடிக்கறதும் அதான்.”

“அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு முழங்கை, இன்னொண்ணு பயம். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. நீங்க நினைச்சது இல்ல.” பயத்துக்கு ஒரு மனநல ஆலோசகரின் விலாசம் எழுதினார். “ஆறு வாரம் கழிச்சு வாங்க. நடுவுல விரல் பலம் குறைஞ்சா, கையில சதை மெலிஞ்சா காத்திருக்காதீங்க. திடீர்னு ஒரு பக்கம் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.”

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவன் அழுதான். மூன்று வாரத்துக் கணக்கு, கொஞ்ச நேரம் பிடித்தது.

“அழு, பரவால்ல. நடுவுல இமை துடிக்குதான்னு மட்டும் பாக்காத,” என்றாள் அக்கா. காலையிலிருந்து தரையை அழுத்திக்கொண்டிருந்த அவளுடைய வலது கால் அப்போதுதான் தளர்ந்தது.

திங்கட்கிழமை, பார்சலில் வந்த பஞ்சு அட்டையை மடித்து முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவன் வேலையை ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மாஸ்டர் வந்தார். இருபது வருட அனுபவஸ்தர், சுவரில் இருந்த வாசகத்துக்குச் சொந்தக்காரர்.

“மாஸ்டர், உங்க கையக் கொஞ்சம் இதுக்கடியில வைங்களேன். ஒரு நல்ல போர்டு அளக்கணும்.”

மாஸ்டர் பெருமையோடு இடுக்கியைப் பிடித்து நீட்டினார். மைக்ராஸ்கோப்போடு இணைந்த திரையில் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது, தன்னுடையது வெறும் ஒத்திகை என்று அவனுக்குத் தோன்றியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. “என்னடா இது? எனக்கு ஏதோ வந்துருச்சுடா. இனி எப்படி வேலை பாப்பேன்? முதலாளிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத்தான் போகிறான். அதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம். அக்கா திருப்பிக் கொடுத்திருந்த அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

“எழுதி வெச்சது ஒண்ணு இருக்கு மாஸ்டர். கையெழுத்த மட்டும் மாத்திக்குங்க.”