ஒரு விரல் குட்டை

தார்ப்பாயின் முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. இளையவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள், கடைசியில் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தே போட்டாள். வீட்டின் முன்னறையில் அக்கா விடிகாலையிலிருந்து வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்தாள். அவளைக் கொண்டுபோகிற வண்டி நாலு மணிக்கு வரும். அதற்கு முன்னால், பதினோரு மணிக்கே, வேறொரு லாரி வந்து விறகுக்கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

லாரியை வரச் சொன்னவன் அக்காவின் மகன். ஏரிக்கரை முகாம் நாளை மாலை திறக்கிறது. கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்கள் மாலையில் மூட்டும் தீக்குப் பன்னிரண்டு வருடமாக இந்தக் கொட்டகையின் விறகுதான் போகிறது. படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அக்கா மேலாளரிடம் போனில் சொல்லியிருந்தாள், திறக்கிற நாளுக்குக் காய்ந்த கட்டை வந்துவிடும் என்று.

"நீங்க உள்ள போய் உக்காருங்க சித்தி. நானும் டிரைவரும் ஏத்திடறோம்," என்றான் மகன். நகரத்தில் பிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். ராத்திரியெல்லாம் அழுததில் கண் வீங்கியிருந்தது.

"இது பிரிட்ஜ் இல்ல. தள்ளி நில்லு."

"அம்மா குடுத்த வாக்கு சித்தி."

"தெரியும். தள்ளி நில்லுன்னேன்ல."

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அக்காள் தங்கை இருவரும் சேர்ந்து நடத்திய கொட்டகை அது. அக்கா பிளப்பாள், இளையவள் அடுக்குவாள். பாப்ளர் மாதிரி லேசு மரங்கள் மட்டும்தான் அக்கா எடுப்பாள். மற்ற விறகுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், காகிதம் மாதிரி எரிந்துபோகும் என்று. சிரித்தவர்களை அக்கா விட்டதில்லை. "கூடாரத்துக்கு வர்றவன் விடிய விடியக் கல்யாணச் சமையலா பண்ணப் போறான்? சட்டுனு பத்தணும், ரெண்டு மணி நேரம் பளிச்சுனு எரியணும், பிள்ளைங்க முகம் தெரியணும், அப்புறம் ஒழுங்கா அணையணும். உங்க கெட்டி மரம் காலைல வரைக்கும் கனிஞ்சுகிட்டு கிடக்கும். அதுக்கு யாரு காவல் இருக்கறது?" என்பாள். சொல்லிக்கொண்டே மர உருளையின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் கோடாலியை இறக்குவாள். லேசு மரம் அவளுக்குப் பயந்தது போலப் பிளந்துகொள்ளும்.

பிளந்ததைத் தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, ஆறு மாதம் காற்றில் விட வேண்டும். இங்கேதான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. தலையை மட்டும் மூடு, பக்கத்தைத் திறந்து விடு என்பது அக்காவின் சட்டம். பக்கத்தில் விழுகிற மழை ஒரு நாள் வெயிலில் போய்விடும், உள்ளே அடைபட்ட ஈரம்தான் போகாது என்பாள். இளையவள் அதைக் கேட்க மாட்டாள். வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்து விட ஓடுவாள். அக்கா வந்து தூக்கி மேலே போட்டு நாலு கல்லை வைத்துவிட்டுப் போவாள். "போடீ குடை" என்பாள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். அத்தான்கூடச் சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அக்கா படுத்த மறு வாரம் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு இருபது நாள் பெய்தது. தடுக்க ஆள் இல்லை. இளையவள் தார்ப்பாயை நாலு பக்கமும் தரை வரைக்கும் இறக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள், அது வேறு விஷயம்.

அக்காவின் படுக்கை தெருப்பக்கத்து அறையில். அங்கிருந்து கொட்டகை தெரியாது. அதனால் அவள் தினம் ஒரு கட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்துத் தடவுவாள், கட்டில் சட்டத்தில் தட்டிப் பார்ப்பாள். மூன்றாவது நாளே, எடுத்த புது அடுக்கின் கட்டை கைதவறிக் கொட்டகைத் தரையில் பொத்தென்று விழுந்தது; ஈரம் என்று அந்தச் சத்தத்திலேயே இளையவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் காட்டத் தைரியம் வரவில்லை. கொட்டகை மூலையில் போன வருடத்து மிச்சம் கொஞ்சம் இருந்தது. பழைய கட்டை நுனி கறுத்து வெடித்திருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். ரம்பத்தை எடுத்து நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு அறுத்துத் தள்ளினாள். உள்ளே வெளுப்பாக, புதுசு போல இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா தட்டினாள். ணங்கென்றது.

"நல்லா காஞ்சிருக்கு," என்றாள் அக்கா. "மேல மட்டும்தானே மூடியிருக்க?"

"மேல மட்டும்தான்."

அதற்குப் பிறகு தினம் ஒரு கட்டை. தினம் அதே கேள்வி, அதே பதில். சாகக் கிடக்கிறவள் காதில் பூச்சுற்றுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுற்றினாள்.

இப்போது கயிறு அறுந்ததும் தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவிப் போட்டாள். புளித்த வாடை எழுந்து வாசல் வரைக்கும் போனது. கட்டைகளின் மேல் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. மகன் மூக்கை மூடிக்கொண்டான். லாரியிலிருந்து இறங்கிய முகாம் மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். அவள் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். நனைந்த செருப்பைத் தட்டியது போல இருந்தது.

"ஈரம்," என்றாள். "இதைத் தர முடியாது."

மகன் அவள் காதருகே வந்தான். "மேல இருக்கற வரிசையத் தள்ளிட்டு உள்ள இருக்கறத ஏத்துங்க சித்தி. இன்னிக்குப் போயி இதெல்லாம்... யாருக்குத் தெரியப் போவுது?"

"உள்ள இன்னும் மோசமா இருக்கும்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் இல்லை. வந்ததும் முன்னறைக்குப் போய் அக்காவின் காலடியில் நின்றுவிட்டு வந்தவர். "பரவாயில்லம்மா. கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊத்தினா பத்திக்கும். இந்த வீட்டு நிலைமை எனக்குப் புரியாதா?"

"எங்க அக்கா கட்டைக்கு மண்ணெண்ணெய் ஊத்துவீங்களா?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"காஞ்ச கட்டைன்னு அவ சொன்னா. இது காஞ்சதில்ல. அவ மேல தப்பில்ல, நான்தான் தரை வரைக்கும் மூடி வச்சு அவிச்சுட்டேன். நாளைக்கு உங்க ஆளுங்க கண்ணைக் கசக்கிகிட்டு உக்காந்து, செத்தவ ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"அப்ப நான் அடுத்த கொட்டகைக்குத்தான் போகணும். ஒரு தடவை அவங்ககிட்ட வாங்க ஆரம்பிச்சா இந்த சீசன் முழுக்க..."

"போங்க."

"சித்தி!" என்றான் மகன்.

"போகட்டும்டா. ஆறு வாரம் இதைக் காத்துல விட்டா மறுபடி காயும். அன்னிக்கு வந்து தட்டிப் பாருங்க. சத்தம் புடிச்சா ஏத்துங்க, இல்லாட்டி போய்க்கிட்டே இருங்க. நாளை சாயங்காலத்துக்கு மட்டும் போன வருசத்துக் கட்டை மூலைல கிடக்கு. ஒரு நாளைக்கு வரும். அது காஞ்சது. அதை எடுத்துக்குங்க."

மேலாளர் அடுக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆறு வாரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, டிரைவரிடம் மூலையைக் காட்டினார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகன் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான்.

லாரி போன பிறகு அத்தான் கொல்லைக் கதவருகே வந்து நின்றார். காலையிலிருந்து அவர் கையில் ஒரு டம்ளர் இருந்தது. அதில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"அவ ரூமுல நாற்காலி எடுக்கப் போனேம்மா. கட்டிலுக்கு அடியில ஒரே கட்டையா கிடக்கு. கால்ல இடிச்சிகிட்டேன்."

"நான் எடுக்கறேன் அத்தான்."

அறையில் மருந்து வாடை இன்னும் போகவில்லை. அவள் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டாள். தான் கொண்டுவந்து கொடுத்த கட்டைகள் அத்தனையும் சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. முதல் கட்டையை வெளிச்சத்துக்கு இழுத்தபோது, அவள் ரம்பத்தால் அறுத்த வெளுத்த நுனியில் பென்சில் எழுத்து தெரிந்தது. உருளை அளக்க அக்கா காதில் செருகிவைக்கும் அதே தச்சுப் பென்சில்.

'பழசு. ஒரு விரல் குட்டை.'

அடுத்ததை இழுத்தாள். 'பழசு. ஒரு விரல் குட்டை.' அதற்கடுத்தது, 'பழசு. ஒண்ணரை விரல்.' அன்று ரம்பம் கோணிப் போனது அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் பரப்பினாள். போகப்போக எழுத்து கிறுக்கலானது. பிறகு 'பழசு' மட்டும். நேற்றுக் கொடுத்த கட்டையில் 'ப' என்று ஒரே ஓர் எழுத்து. அதன் வால் நுனியைத் தாண்டிப் பட்டையில் போய் நின்றிருந்தது.

எல்லாக் கட்டையையும் தன் கையால் ஒரே நீளத்துக்கு அறுத்த அக்காவுக்கு ஒரு விரல் குறைவது தெரியாமலா போகும். தெரிந்துகொண்டே தினமும் தட்டிப் பார்த்து, நல்லா காஞ்சிருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்றாள் இளையவள் வெறும் கட்டிலைப் பார்த்து. "எந்திரிச்சு வந்து நாலு அறை விட்டிருக்கலாம்ல." கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், முகத்தைப் போர்வையில் புதைத்து அழுதாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

தனியாகவே பூஞ்சை பிடித்த வரிசைகளை இடைவெளி விட்டு மாற்றி அடுக்கினாள். தார்ப்பாயை நாலாக மடித்தாள். அடுக்கின் தலையில் மட்டும் விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தாள். பக்கங்கள் திறந்து கிடந்தன. பூஞ்சை பிடித்த வரிசைகளை இடைவெளி விட்டு மாற்றி அடுக்கினாள். கூப்பிட வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. அக்காவை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது முதல் தூறல் விழுந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. பெரிய மழைதான். மகன் கொட்டகைப் பக்கம் இரண்டு அடி ஓடினான்.

"சித்தி, தார்ப்பாயை இறக்கி விட்டுட்டு வந்துடறேன். எல்லாம் நனைஞ்சிடும்."

"வேண்டாம்."

"நீங்களா சொல்றீங்க?"

"பக்கத்துலதானே நனையும். வந்து ஏறு."

அவள் முன்னிருக்கையில் டிரைவருக்கு அருகில் ஏறிக்கொண்டாள். மடியில் 'ப' எழுதிய கட்டை இருந்தது. வண்டி கொட்டகையைத் தாண்டும்போது மழை வலுத்து அடுக்கின் பக்கவாட்டில் சாய்வாக அடித்தது. கல் வைத்த தார்ப்பாய் அசையாமல் கிடந்தது.

சாரல் அவள் தோளிலும் மடியிலும் தெறித்தது. "கண்ணாடியை ஏத்திவிடட்டுமாம்மா?" என்று டிரைவர் கேட்டான்.

"இருக்கட்டும்," என்றாள்.