வாடகை வீட்டுக் குளியலறைச் சுவர்

கோப்பாயில் தன் தம்பி ஜெபசீலனின் வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் மார்கிரட் ரீச்சர் இருந்தார். தம்பி கனடாவில். அவனுடைய வீட்டில் றஞ்சித்தும் மனைவி தர்ஷிகாவும் வாடகைக்கு இருந்தார்கள்.

சில நாட்களாக அங்கே சுவர் கொத்தும் சத்தம். றஞ்சித் மோட்டார் சைக்கிளில் சாக்குச் சாக்காக ஏதோ கொண்டுவந்து இறக்கினான். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கொத்துவதற்கு என்ன இருக்கிறது? வீட்டையே சொந்தமாக்கப் பார்க்கிறார்களோ என்று ரீச்சருக்குத் தோன்றியது. நேரே போய்ப் பார்த்தார்.

குளியலறையில் தர்ஷிகா, கணவனின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு, சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கீழ்ப்பாதியில் ஒன்றோடொன்று நிறம் சேராத ரைல்ஸ் கற்கள் ஒட்டியிருந்தன.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"சுவர் பூஞ்சணம் பிடிச்சு உதிருது ரீச்சர். மேசன் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டாது. அதுதான் கடையிலை மிஞ்சின ரைல்ஸை மலிவா வாங்கி இவரே ஒட்டுறார். மேலை நான் பெயின்ற் அடிக்கப்போறன்."

"வாடகைக்கு இருக்கிற ஆக்கள் சொந்தக் காசிலை உதெல்லாம் செய்வினமே?"

தர்ஷிகாவின் கை நின்றது. "ஜெபசீலன் அண்ணைதான் சொன்னவர். திருத்துற செலவை நாங்கள் பாத்தால், இன்னும் அஞ்சு வருசம் இருக்கலாமாம். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. பொய்யென்றே நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ரீச்சர் வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் எடுத்தார்.

"ஓம் அக்கா, நான்தான் சொன்னனான். சின்ன வேலைதானே எண்டு உங்களுக்குச் சொல்லேல்லை. கெதியா முடிச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ."

"பாத்ரூமின்ரை படம் உனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

எட்டு வருடமாக வீட்டை எட்டிப் பார்க்காதவனுக்குக் குளியலறைப் படம் சும்மா வேண்டுமாம்.

"வீட்டை விக்கப் போறியோ?"

"ஒரு ஆள் கேக்குது அக்கா. பாத்ரூம் பழுதெண்டு விலையைக் குறைக்குது. வாடகைக்கு இருக்கிற உவையளுக்குச் சொல்லிப் போடாதையுங்கோ."

மறுநாள் ரீச்சரைக் கண்டதும் தர்ஷிகா குளியலறைக் கதவைச் சாத்தினாள். "நான் பொய் சொல்லேல்லை ரீச்சர்."

"நீர் சொல்லேல்லை. என்ரை தம்பிதான் சொல்லியிருக்கிறான்," என்று ரீச்சர் வீட்டை விற்கப்போவது வரை எல்லாவற்றையும் சொன்னார்.

தர்ஷிகா அழவில்லை. ரீச்சரின் முகத்தையே பார்த்தாள். "உங்கடை தம்பியின்ரை விசயத்தை ஏன் எங்களுக்குச் சொல்லுறியள்?"

"வீட்டை வாங்க வாறவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும்."

நேற்றுவரை தான் நினைத்திருந்ததை எண்ணியபோது, அப்படிச் சொன்னது ரீச்சருக்கே கூச்சமாக இருந்தது.

அன்றைக்கே றஞ்சித் வேலையை நிறுத்தினான். தொடர்ந்து இருக்கலாம் என்று எழுதித் தந்தால்தான் மிச்சச் சுவர் என்று ஜெபசீலனிடம் சொல்லிவிட்டான். பாதிச் சுவரோடு வீட்டைக் காட்ட முடியாமல், கடைசியில் இரண்டு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தான் ஜெபசீலன். அவர்களுக்குச் சொன்னது அக்காதான் என்று தெரிந்து, அவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டான்.

சுவர் முடிந்தது. மேலே வெளிர் பச்சை பெயின்ற், கீழே பல நிற ரைல்ஸ், பார்க்கத் துப்புரவாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை முன்பின் தெரியாத இரண்டு பேர் வீடு பார்க்க வந்தபோது, மார்கிரட் ரீச்சர் அந்த வீட்டு வாசலில் படலைக் கதவைத் திறக்காமல் நின்று, யார் அனுப்பியது, இன்னும் இரண்டு வருடத்துக்கு உள்ளே ஆட்கள் இருப்பது தெரியுமா என்று கேட்டார்.