அரங்கத்துக்கு அப்பா பெயர்

பார்வையாளர் மாடத்தில் கை தட்டக் கூடாது என்று காவலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். இருந்தும் தலைமையாசிரியை தட்டினாள். சும்மா ஒப்புக்கு இல்லை, உள்ளங்கை சிவக்கிற மாதிரி. பின்னே என்ன? சட்டசபையில் சபாநாயகர், "நகரின் புதிய விளையாட்டரங்கத்துக்கு ‘விசில் வாத்தியார் அரங்கம்’ எனப் பெயரிடப்படும்" என்று வாசிக்கும்போது, விசில் வாத்தியாரின் மகள் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்?

இன்று அவள் நடத்துகிற அதே பள்ளிக்கூடத்தில்தான் அப்பா காலமெல்லாம் விளையாட்டு வாத்தியாராக இருந்தார். கழுத்தில் எப்போதும் விசில். ஊருக்கு அவருடைய நிஜப் பெயரே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமையாசிரியையின் மடியிலிருந்த பைக்குள் துண்டில் சுற்றி அப்பாவின் படம் இருந்தது. அரங்கத்து வாசலில் மாட்ட வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் தன் அறைச் சுவரிலிருந்து காலையில்தான் அவள் அதை இறக்கி எடுத்துவந்தாள்.

கீழே உறுப்பினர் வரிசையிலிருந்து தம்பி நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தான். என் தம்பி எம்.எல்.ஏ. என்று அவளுக்கு மனசு பூரித்தது. பாவம், அந்தப் பூரிப்புக்கு ஆயுசு அவ்வளவுதான்.

சபாநாயகர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இதே மசோதாவின் எட்டாம் பிரிவின்படி, அறுபது மாணவர்களுக்குக் குறைவான பொதுப்பள்ளிகளுக்கு அரசு நிதி நிறுத்தப்படும். ஆதரிப்போர் ‘ஆம்’ என்க."

அவளுடைய பள்ளிக்கூடத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். நிதி நின்றால் மறுமாதமே பூட்டுதான். 'இதே மசோதா' என்பது மண்டையில் ஏறுவதற்குள் கீழே ‘ஆம்’ கிளம்பிவிட்டது. அத்தனை குரலிலும் தம்பி குரல் தனியாகக் கேட்டது. சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பெரிய தொண்டை.

வெளி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, அந்தப் பள்ளிக்கூட மசோதாவுக்கு ஓட்டுப் போட மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணினியேடா!"

"மெதுவா பேசுக்கா. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதைக் கிடப்புல போட்டாச்சு, இன்னிக்கு அப்பா பேரு மட்டும்தான்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்த? என்னைப் பாத்தா இளிச்சவாயாத் தெரியுதா?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "நாங்க நாலு பேர் முறுக்கிட்டுத்தான் நின்னோம். மந்திரி ஆளுக்கு ஒண்ணு குடுத்து வழிக்குக் கொண்டுவந்துட்டாரு. ஒருத்தனுக்குப் பாலம், ஒருத்தனுக்கு ரோடு. நான் எனக்குன்னு எதுவும் கேக்கலக்கா. அப்பா பேரைத்தான் கேட்டேன். ரெண்டையும் ஒரே மசோதாவுல சேத்துட்டாங்க. ஒண்ணு வேணும்னா இன்னொண்ணும் வரும்."

"ஆறு வயசுப் பிள்ளை ரெண்டு பஸ் மாறிப் படிக்கப் போகுமா?"

"பழகிடும்."

பழகிடுமாம்! பின்னாலேயே வந்து நின்ற அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, கேட்டியா உன் பிள்ளை பேசறதை? நம்ம பள்ளிக்கூடத்தை மூடறதுக்குக் கை தட்ட என்னையும் கூட்டிட்டு வந்திருக்கான். உன்னையும்தான் ஏமாத்தியிருக்கான்."

அம்மா கைக்குட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சான்" என்றாள்.

"என்னது?"

"உன்கிட்ட சொன்னா ஊரைக் கூட்டிருவ. அதான் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். கோவிச்சுக்காதடி. பள்ளிக்கூடம் இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு மூடத்தான் போறாங்க. அப்பா பேராவது நிக்கட்டுமே."

தம்பி செய்ததைக்கூட அவள் எப்படியாவது விழுங்கியிருப்பாள். அரசியல், கட்சி, மந்திரி என்று ஏதாவது சொல்லி மனசைத் தேற்றியிருப்பாள். ஆனால் போன வாரம் முழுக்க அம்மா அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டாள். வர்ற வருஷம் வகுப்பறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று அவள் கேட்டபோது, அம்மா யோசித்து, இளமஞ்சள் நல்லா இருக்கும் என்றாள். எல்லாம் தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாள்.

அதற்குள் மந்திரியின் உதவியாளர் ஓடிவந்தார். "ஐயா, படம் வந்துடுச்சா? மந்திரி பாக்கணுங்கறாரு."

தம்பி கையை நீட்டினான். "குடுக்கா."

அவள் பையைத் திறந்தாள். துண்டை விலக்கி அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அதே விசில், அதே முறைப்பு. அம்மா முகம் மலர்ந்தது, மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று. அவள் துண்டை மறுபடி சுற்றிப் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இது பள்ளிக்கூடத்துப் படம். இப்பவே கொண்டுபோய் அதே ஆணியில மாட்டிடுவேன். பூட்டுப் போட ஆள் வருவாங்கல்ல, அவங்களோட நீயும் வா. நாப்பத்து மூணு பிள்ளைங்க பாத்துட்டு நிக்கும். அதுங்க முன்னாடி நீயே கழட்டி எடுத்துக்கோ."

அம்மா "ஏய், நில்லுடி" என்றாள். அவள் படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். உள்ளங்கை இன்னும் எரிந்தது.