இடது முன்மூலைத் தூண்

கணினித் திரையில் இருந்த அச்சை அரைவட்டம் திருப்பியபோது றுவைஸின் கை சுட்டியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கத்து இடது மூலைத் தூண் மற்ற மூன்றோடும் ஒத்துப்போகாமல் சற்று உள்ளே தள்ளி நின்றது. அந்தத் தூணுக்கு நேரே மேல்தகட்டின் மூலையும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது.

தகட்டை வெட்டி வளைக்கிற இரும்பு அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். மேற்பாதி நாலு தூண்களைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பாதியில் இறங்கும். கழற்றிப் பூட்டுகிறவன் அவசரத்தில் மேற்பாதியை முன்பின்னாக வைத்துவிட்டால் முதல் அடியிலேயே எல்லாம் நொறுங்கிப்போகும். அதற்காகவே ஒரு தூணை மட்டும் சற்று விலக்கி வைப்பார்கள். மாறி வைத்தால் இறங்காது. எல்லோரும் செய்கிற காரியம்தான். அநேகமாக எல்லோரும் பின்பக்கத்து வலது தூணைத்தான் தள்ளுவார்கள். முன் இடதைத் தள்ளி, மேல்தகட்டின் மூலையையும் சீவிவிடுகிற ஒரேயோர் ஆளைத்தான் றுவைஸுக்குத் தெரியும். “கண் பிழைச்சாலும் கை கண்டுபிடிக்கோணும், மச்சான்” என்பான். இடக்கைக்காரன். பாக்கியரத்தினம்.

சார்ஜாவில் ஓர் அச்சுப் பட்டறையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. படுக்க ஒரே அறை. சல்லி ஊர்க்காரனான பாக்கியம் குழம்பு வைத்தால் கிண்ணியாக்காரரான றுவைஸ் உறைப்பென்று ஏசுவார், ஏசிக்கொண்டே சட்டியை வழித்துத் தின்பார். பட்டறை மூடியபின் இருவரும் ஊருக்கு வந்தார்கள். றுவைஸுக்குக் கொழும்புக் கொம்பனியொன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்தது. பாக்கியத்துக்கு அதுவரை பொறுமையில்லை. இறக்கக்கண்டிப் பக்கத்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கென்று வெளிக்கிட்ட ஒரு படகில் ஏறினான். படகு போய்ச் சேர்ந்ததாகவும் செய்தி இல்லை, திரும்பியதாகவும் இல்லை. அவனுடைய மனைவி புஸ்பராணி, இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்யவுமில்லை, பொட்டை அழிக்கவுமில்லை.

றுவைஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தார். உள்துறைமுகத்தில் மாவு ஆலைக்கு வந்த கோதுமைக் கப்பல் நின்றது. இந்த மேல்மாடி அறையில் எத்தனையோ அச்சுகளை வடிவமைத்திருக்கிறார். அவற்றை எந்த நாட்டில் வெட்டினார்கள், அவை என்ன பொருளை அடித்துத் தள்ளின என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தன் அச்சு அடிபடுகிற சத்தத்தைக் கேட்டே பல வருடமாகிவிட்டது. கோப்பு வரும், போகும். வடிவமைத்தவரின் பெயரை நீக்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள். இந்தக் கோப்போடு வந்த குறிப்பு இவ்வளவுதான்: வேறு இயந்திரத்துக்குப் பொருந்தும்படி மாற்றவும், தூண்கள் யாவும் எமது வழமையான இடத்துக்கு வரவேண்டும்.

கொழும்பில் வேலை பிரித்துக் கொடுக்கிற தர்சிகாவுக்கு அழைத்தார். அண்ணனென்ற மரியாதையில் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“இந்தப் படத்தை முதல் கீறினது ஆர், மகள்?”

“ஏன் நானா, பிழை ஏதுமோ? ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ, எனக்குப் பழகிப்போச்சு.”

“பிழை ஒண்டும் இல்ல. நல்ல வேலை. ஆரெண்டு தெரிஞ்சாப் போதும்.”

“அது சொல்லேலாது நானா. உண்மையா எனக்கே தெரியாது. வேற ரெண்டு கொம்பனிக்குள்ளால வந்தது. அவங்களும் சொல்ல மாட்டாங்கள்.” சற்று நிறுத்தி, “நாளைக்குத் தருவீங்கள்தானே?” என்றாள்.

பாக்கியத்தின் பழைய அச்சொன்றைப் பிரதியெடுத்து வேறு யாரோ வேலை செய்திருக்கலாம் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. அவன் எப்போதோ விட்டுப்போன கோப்பு எவனுடைய கையிலோ இருக்கலாம். றுவைஸ் ஒவ்வொரு பாகமாகத் திறந்து பார்த்தார். அடிக்கப்படவேண்டிய பொருளின் படம் இந்த வருடத்தியது. முன்பு எங்கும் பார்த்திராத கோணலான உருவம். அதற்கென்று எல்லாமே புதிதாக யோசிக்கப்பட்டிருந்தது. கழிவுத் துண்டு வலப்பக்கம் விழுந்தால்தான் லேசு. ஆனால் மினக்கெட்டு அதை இடப்பக்கம் கொண்டுபோயிருந்தான், இயந்திரத்தின் முன்னால் தானே நின்று இடக்கையால் அள்ளப்போகிறவன்போல.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார். அறையில் கேட்பதற்கு யாரும் இல்லை. மனைவி நஜ்முன் நிஸாவுக்கு அழைத்தார். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கிண்ணியாவுக்குப் போனவள். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறது.

“புள்ளயக் குளிப்பாட்டுறன், பொறகு எடுக்கிறன்” என்றாள். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பிள்ளையின் சிரிப்பும் கேட்டன.

கொம்பனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இருந்தும் திரையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்வரை அவரிடம் சந்தோசத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

சல்லியில் புஸ்பராணி வீட்டு வளவில் பழைய வலைமேல் காயவைத்த நெத்தலியைப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆர், றுவைஸ் நானாவோ? வழி மறந்துபோச்செண்டு நினைச்சன்.” எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். “அக்கா இன்னும் கிண்ணியாவிலதானோ? கிண்ணியாப் பாலம் கட்டினது போறதுக்கு மட்டுமில்ல, வாறதுக்கும்தானெண்டு சொல்லிவிடுங்கோ.”

அவர் சிரித்தார். வெறுந்தேத்தண்ணியும் சீனிக் கிண்ணமும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் திரும்ப வலையோரம் குந்தினாள். சொல்ல வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். இப்போது கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார். கடல் இரைந்துகொண்டிருந்தது.

“இந்தச் சத்தத்தோட எப்பிடி இரிக்கிறீங்க தங்கச்சி?”

“விடிய எழும்பி முதல் வேலையா அதைத்தான் ஏசுறது. அறம்புறமாப் பேசுவன்.” நெத்தலிக்குள் கிடந்த சிறு நண்டொன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். “என்ர மனிசனை ஒரு நாளும் ஏசினதில்லை. அந்தாள் என்ன செய்யும் பாவம், வரேலாத இடத்தில கிடக்குது.”

றுவைஸின் கையில் கோப்பை நின்றது. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவ்வளவு தெளிவாக ஓர் அச்சை யோசிக்கக்கூடியவனுக்கு இந்த வீட்டுத் தொலைபேசி இலக்கமா மறந்திருக்கும்? அவள் இத்தனை வருடமாக அதே இலக்கத்தைத்தான் வைத்திருந்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிப் போய்விடலாம். நாளைக்கு அந்தத் தூணையும் நேராக்கிவிட்டால் பிறகு ஒன்றுமே இருக்காது. தேத்தண்ணியை அவசரமாகக் குடித்தார். நாக்கு சுட்டது.

“அப்ப நான் வரட்டா?”

“வந்த விசயம் சொல்லேல்லையே.”

“சும்மாதான்.”

“நீங்கள் சும்மா வாற ஆளில்லை.” அவள் நிமிரவில்லை. “அவர்ர கதையோ?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம்” என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவர் படத்தைத் திறந்து நீட்டினார். தள்ளி நிற்கிற தூணையும் சீவிய மூலையையும் காட்டிச் சொன்னார். கழிவு இடப்பக்கம் விழுவதையும் சொன்னார். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

“இது எப்பத்தைய வேலை?”

“இந்த வருசம்.”

“எங்கயிருந்து?”

“தெரியா. கேட்டுப் பாத்தன், சொல்றாங்க இல்ல. எனக்குப் பிழைச்சும் இரிக்கலாம் தங்கச்சி. ஆனா இது அவன்ட கைதான்.”

“எந்த நாடெண்டாலும் அங்க ரெலிபோன் இருக்கும்தானே, நானா?”

வளவு வேலியில் ஒரு காகம் வந்து குந்தியது. அதைத் துரத்த இருவருமே கை தூக்கவில்லை. அது இறங்கி நெத்தலியைக் கொத்தத் தொடங்கியது.

“இரிக்கும்” என்றார் றுவைஸ்.

அவள் கைபேசியை வாங்கி முகத்துக்குக் கிட்டே பிடித்தாள். கலியாணப் படத்தில் ஆள் தேடுகிறவர்களைப்போல இரண்டு விரலால் அகட்டிப் பெருப்பித்தாள். தூண் பெருத்தது. இன்னும் அகட்டினாள், மூலை திரையை விட்டுப் போய், ஒரு விளிம்பு மட்டும் மிஞ்சியது. மீண்டும் அகட்டினாள். இப்போது திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். அதன் நடுவில், அவளுடைய விரலிலிருந்து ஒட்டிய மீன் செதிலொன்று வெயிலில் மின்னியது. அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.